எண்ணிப் பார்க்கும் குழந்தைகள்

(நமது சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கல்லூரி வாயிலை மிதியாதவன் நான். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கொண்டிருப்பவன். கல்வி பற்றிப் பேசுவதற்கு இங்கே என்னிலும் தகுதியுடையார் பலர் உளர். எனினும், சிறு குழந்தைகளுக்குக் கணக்கு விவரங்களைத் திரட்டவும் படமாக வரையவும் கற்பிப்பது எப்படி என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற ஒரே உரிமையால் அதற்கு இசைந்தேன்.

நமது மொழியில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு என்று கணக்கிடுவதும் எண்ணுதல். மனத்தில் சிந்திப்பதும் எண்ணுதல். 'எண்ணிப் பார்' என்று ஒருவரிடம் கூறினால், கையிலுள்ள காசை எண்ணச் சொல்கிறோமா, செய்யவிருக்கும் செயலைச் சிந்திக்கச் சொல்கிறோமா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறல்ல என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் போலும். எழுத்தை ஒரு கண்ணாகவும் எண்ணை மற்றொரு கண்ணாகவும் போற்றியது நம் மரபு. திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுத்தும், எண்சுவடியில் கணக்கும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. ஊர் விட்டு ஊர் வந்த நாம் ஞாயிறு வகுப்பில் நம் குழந்தைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கிறோம். எண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு விட்டுவிட்டோம். அந்த மற்றொரு கண்ணைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

விவரம் திரட்டுவது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று எவரும் கருத வேண்டா. எழுதப் படிக்க அறியாத பால்காரி நம் பாட்டியின் வீட்டுச் சுவரில் நாளுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு இட்டு, மாத முடிவில் பிசகாமல் காசு வாங்கிச் சென்றாள். களத்து மேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று மங்கலமாகத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று அளந்து சென்றார். வாயிலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண், வரிசைக்கு இத்தனை புள்ளி, வரிசைகள் இத்தனை என்று அளந்தே வைக்கிறாள். அவளுக்குக் கட்டமிட்ட வரைபடத்தாள் புதிய பொருளாகத் தோன்றுமா?

அவ்வாறாயின், இதை இன்று தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவை யாது? இன்றைய நாளில் செய்தித்தாளைத் திறந்தால் படம், தொலைக்காட்சியை முடுக்கினால் படம், கைப்பேசியைத் தொட்டால் படம். மழையளவு, விலைவாசி, தேர்தல் முடிவு யாவும் பட்டைகளாகவும் வட்டங்களாகவும் கோடுகளாகவும் நம் முன் வந்து நிற்கின்றன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவியபோது, மாலைதோறும் ஏறி இறங்கும் ஒரு கோட்டைப் பார்த்து நாடே அஞ்சியதும் ஆறுதல் கொண்டதும் நினைவிருக்கும். அந்தக் கோடு எதை அளக்கிறது, ஒரு நாளின் எண்ணிக்கையையா அல்லது மொத்த எண்ணிக்கையையா என்று கேட்டறிந்தவர் எத்தனை பேர்? படத்தைப் படிக்க இயலாதவன் பிறர் வாய்ச்சொல்லை நம்பியே வாழ வேண்டியவனாகிறான். எழுத்தறியாதவன் கடிதத்தை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன காலத்தை நாம் கடந்து வந்தோம். அதே நிலை வேறு உருவில் நம் பிள்ளைகளுக்கு வரலாகாது.

பள்ளிப் பாடநூல்களில் இதற்கு இடமில்லாமல் இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் 2006இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புக் கணித நூலிலேயே 'ஸ்மார்ட் சார்ட்ஸ்' என்று ஒரு பாடம் இருந்தது. 2024இல் அதன் இடத்தில் 'மேத்ஸ் மேளா' என்னும் புதிய நூல் வந்துள்ளது. ஆயினும், நாற்பது ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தானே ஒரு கேள்வியை எழுப்பி, தானே எண்ணி, தானே வரைவதற்கு ஆசிரியருக்கு நேரம் ஏது? நூலில் அச்சிட்ட படத்தைப் பார்த்து விடை எழுதுவதோடு பாடம் முடிந்து விடுகிறது. மீதியை வீட்டிலும் நம் வகுப்பிலும் செய்து முடிக்கலாம். செலவு சிறிதும் இல்லை. அதற்குரிய படிகளை வரிசையாகக் கூறுகிறேன்.

முதற்படி, வகை பிரித்தல். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குத் தாளும் வேண்டா, எழுதுகோலும் வேண்டா. இம்மண்டபத்தின் வாயிலில் நாம் கழற்றி விட்டுள்ள காலணிகளே போதும். 'இவற்றுள் எந்த வகை மிகுதி?' என்று கேளுங்கள். கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முக்கியம். விடை அறியும் ஆவல் இல்லாமல் எண்ணுவது குழந்தைக்கு வெறும் கூலி வேலை. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பூட்ஸ் என்று குழந்தைகளே வகைகளை வகுக்கட்டும். ரப்பர் அடியும் தோல் வாரும் கொண்ட ஒன்று வந்து சேரும். இதை எங்கே வைப்பது என்று வழக்குத் தோன்றும். அவ்வழக்கே பாடம். ஒரு பொருள் ஒரே வகையில்தான் இருக்க வேண்டும். எப்பொருளும் வகையின்றி வெளியே நிற்கக் கூடாது என்ற விதியைப் பிள்ளைகள் தாமே கண்டு கொள்வார்கள்.

இரண்டாம் படி, வரிசையில் வைத்தல். பிரித்தவற்றை வகைக்கு ஒரு வரிசையாகத் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். பெரியவர் பூட்ஸ் ஆறு சோடி ஒரு புறமும், சிறுவர் செருப்பு எட்டு சோடி மறுபுறமும் நின்றால், ஆறு சோடி வரிசையே நீளமாகத் தெரியும். 'நீளமான வரிசையில்தானே மிகுதி?' என்று ஒரு குழந்தை கூறும். 'இல்லை, நான் எண்ணினேன், எட்டுதான் அதிகம்' என்று மற்றொன்று மறுக்கும். அப்போது தரையில் சாக்கட்டியால் சம அளவுள்ள கட்டங்கள் வரைந்து, கட்டத்திற்கு ஒரு சோடி என்று வைக்கச் சொல்லுங்கள். நீளமும் எண்ணிக்கையும் உடனே ஒத்துப் போகும். வரைபடம் என்னும் கலையின் உயிர்நிலை இதுவே. சம இடைவெளி இல்லாத படம் பொய் சொல்லும் என்பதை ஆறு வயதுப் பிள்ளை தன் கண்ணால் கண்டுவிடுகிறது.

மூன்றாம் படி, குறியிடுதல். இது என் தொழில். வண்டியிலிருந்து மூட்டைகள் விரைந்து இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிக் கொண்டிருக்க இயலாது. மூட்டைக்கு ஒரு கோடாக நான்கு கோடுகள் இட்டு, ஐந்தாவதை அவற்றின் குறுக்கே இழுப்போம். இறுதியில் ஐந்து, பத்து, பதினைந்து என்று ஒரே நோட்டத்தில் எண்ணி விடலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை 'நேர்க்கோட்டுக் குறிகள்' என்கின்றன. சீனரும் ஜப்பானியரும் ஐந்து கோடுகளால் ஆன ஓர் எழுத்தைக் கோடு கோடாக எழுதி இதே வேலையைச் செய்கின்றனர். கையில் ஐந்து விரல் படைத்த மனிதன் பல இடங்களில் ஐந்தைந்தாகவே எண்ணுகிறான். நம் பிள்ளைகளை ஜன்னலருகே அமர்த்தி, அரை மணி நேரத்தில் தெருவில் செல்லும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ ஆகியவற்றிற்குக் குறியிடச் சொல்லுங்கள். ஓடும் பொருளைத் திருப்பி எண்ண முடியாது. ஆகவே கவனம் தானே வரும்.

நான்காம் படி, படவிளக்கம். ஏழு, எட்டு வயதில் இது பொருந்தும். காலைச் சிற்றுண்டியில் யாருக்கு எது விருப்பம் என்று கேட்டு, இட்லி, பூரி, பராட்டா, அவல் என்று எழுதி, ஒருவருக்கு ஒரு படம் என வரையலாம். பிறகு, நாற்பது பேரைக் கேட்டால் நாற்பது படமா வரைவது என்ற வினா எழும். 'ஒரு படம் இருவரைக் குறிக்கும்' என்று கீழே குறிப்பு எழுதினால் வேலை பாதியாகக் குறையும். ஏழு பேருக்கு மூன்றரை இட்லி வரைய வேண்டி வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கிடையே பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் நுழைந்து விடுகின்றன.

ஐந்தாம் படி, பட்டை விளக்கப்படம். எட்டு, ஒன்பது வயதுக்கு உரியது. இதன் பிறப்பு வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786இல் வணிகக் கணக்குகளைப் படங்களாக வெளியிட்டார். பெரும்பாலும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் கோடுகளாகவே அவற்றை வரைந்தார். ஸ்காட்லாந்தின் வணிகத்திற்கு மட்டும் அவரிடம் ஓராண்டுக் கணக்கே இருந்தது. ஓராண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாதன்றோ? ஆகவே, ஒவ்வொரு நாட்டுக்கும் பட்டைகளாக வரைந்தார். குறைவான விவரத்தை வைத்துக் கொண்டு செய்த அந்த ஏற்பாடே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. வட்ட விளக்கப்படத்தையும் 1801இல் அவரே வெளியிட்டார்.

ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரயில்வே உதாரணமே தருவோம். கரக்பூர் நடைமேடையின் நீளம் 1072 மீட்டர். ஒரு காலத்தில் அதுவே உலகில் நீளமானது என்று நம்மில் பலர் பெருமையுடன் மனப்பாடம் செய்தோம். கொல்லம் நடைமேடை 1180 மீட்டர். 2013இல் கோரக்பூரில் 1366 மீட்டர் நடைமேடை அமைந்தது. 2023இல் ஹூப்ளியில் 1507 மீட்டர் நடைமேடை திறக்கப்பட்டது. கட்டத்திற்கு 100 மீட்டர் என்று கொண்டால் கரக்பூருக்குப் பத்தே முக்கால் கட்டத்திற்குச் சற்றுக் குறைவாகவும், ஹூப்ளிக்குப் பதினைந்துக்குச் சற்று மேலாகவும் பட்டைகள் எழும். இனி, அதே படத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 1000 மீட்டரிலிருந்து தொடங்கி வரையச் சொல்லுங்கள். கரக்பூர் 72, ஹூப்ளி 507 என்ற அளவில் பட்டைகள் நிற்கும். ஹூப்ளி நடைமேடை கரக்பூரைப்போல் ஏழு மடங்கு என்று கண் சொல்லும். உண்மையில் அது ஒன்றரை மடங்குகூட இல்லை. ஓர் எண்ணையும் மாற்றாமலே ஒரு படத்தைப் பொய்யாக்கலாம் என்பதை இவ்வாறு கண்ட பிள்ளை, நாளை விளம்பரத்திலோ தேர்தல் மேடையிலோ காட்டப்படும் படத்தைப் பார்த்ததும், 'அடிக்கோடு எங்கே தொடங்குகிறது?' என்று கேட்கும்.

ஆறாம் படி, கோட்டு வரைபடம். பத்து வயதுப் பிள்ளைக்கு நம் கட்டுப்பாட்டு அறை வரைபடத்தைக் காட்டலாம். கிடைமட்டத்தில் நேரம்; செங்குத்தில் நிலையங்கள். ஓடும் வண்டி சாய்கோடு. நின்ற வண்டி படுகோடு. கோடு செங்குத்தாக நிமிர்ந்தால் வண்டி விரைவு, சாய்ந்தால் மெதுவு. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் வெட்டிக் கொள்ளுமிடம் ஒரு நிலையமாகவே இருக்க வேண்டும். இல்லையேல் என்ன ஆகும் என்று பிள்ளைகளே நடுக்கத்துடன் கூறுவார்கள். முன்பு கையால் வரைந்த இவ்வரைபடத்தை இன்று கணினி வரைகிறது. எனினும் படிப்பவர் மனிதரே. தந்தை இரவெல்லாம் எதைப் பார்த்துக் கொண்டு அமர்ந்திருக்கிறார் என்பதையும் பிள்ளை அறிந்து கொள்ளும்.

வரைந்ததோடு நின்று விடலாகாது. படத்தைக் காட்டி மூவகை வினாக்கள் கேட்க வேண்டும். இட்லி விரும்புவோர் எத்தனை பேர் என்பது முதல் வகை. விடை படத்திலேயே உள்ளது. இட்லியைப் பூரி விரும்புவோரினும் எத்தனை பேர் மிகுதியாக விரும்புகின்றனர் என்பது இரண்டாம் வகை, ஒப்பிட வேண்டும். அடுத்த தெருப் பிள்ளைகளைக் கேட்டால் இதே விடை வருமா, ஏன் என்பது மூன்றாம் வகை. படத்தைக் கடந்து சிந்திக்க வேண்டும். பள்ளித் தேர்வுகள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்று விடுகின்றன. மூன்றாவது வகையைக் கேட்பது பெற்றோர் கடமை.

இவையெல்லாம் விளையாட்டுத்தானே என்று சிலர் கருதக் கூடும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய செவிலியாக நாம் அறிவோம். கிரிமியப் போரில் இறந்த வீரர்களுள் மிகப் பலர் போர்ப் புண்ணால் மடியவில்லை, தடுத்திருக்கக் கூடிய நோய்களால் மடிந்தனர் என்பதை 1858இல் வண்ணப் படங்களாக வரைந்து ஆட்சியாளர் கண்முன் வைத்தவரும் அவரே. நம் நாட்டில் 1893இல் கல்கத்தாவில் பிறந்த பேராசிரியர் மகலனோபிஸ் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் பிறந்த நாளான ஜூன் 29ஆம் நாளை 2007 முதல் புள்ளியியல் நாளாக நாடு கொண்டாடி வருகிறது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நம் வகுப்பில் நிகழ்ந்ததையே கூறுகிறேன். சென்ற கோடையில் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைந்து கொண்டே வந்தனர். 'இக்காலப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாட்டமில்லை. வகுப்பை நிறுத்திவிட்டு அத்தொகையை வேறு பணிக்குச் செலவிடலாம்' என்று ஒரு கருத்து எழுந்தது. அதைக் கூறியவர்கள் சங்கத்தின்பால் அன்பு மிக்கவர்கள். மனம் வருந்தியே கூறினார்கள். முடிவெடுப்பதற்கு முன் பிள்ளைகளையே கணக்கெடுக்கச் செய்வோம் என்று நான் வேண்டிக் கொண்டேன். அதற்கு இசைவு கிடைத்தது.

காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்தோம். தெருவுக்கு ஒரு நிறமாகத் தாள் ஒட்டினோம்: முதல் தெருக்களுக்குச் சிவப்பு, நடுத் தெருக்களுக்கு மஞ்சள், கடைசி வரிசைகளுக்குப் பச்சை. பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு ஞாயிறுக்கும் வந்த பிள்ளைக்கு ஒரு பெட்டி வீதம் பிள்ளைகள் அடுக்கினார்கள். ஜன்னல் திண்டில் பன்னிரண்டு ஞாயிறுகளும் பன்னிரண்டு கோபுரங்களாக நின்றன. பெரியவர்கள் கோபுரங்களின் உயரத்தையே பார்த்தோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், 'மாமா, இந்தப் பக்கம் பச்சையே இல்லையே!' என்றாள். உண்மைதான். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய முன்போலவே இருந்தன. பங்குனிக்குப் பின் பச்சை மட்டுமே மறைந்திருந்தது.

ஏன் மறைந்தது என்பதைத் தீப்பெட்டி கூறாது. எங்கே சென்று கேட்க வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டியது. பிள்ளைகள் கடைசி வரிசை வீடுகளுக்குச் சென்று கேட்டுக் குறியிட்டு வந்தார்கள். கோடையில் குழாயில் நீர் வேகம் தணிந்து, அவ்வரிசைகளுக்குக் காலை பத்து மணிக்கு மேல்தான் நீர் எட்டுகிறது. நம் வகுப்பு நேரமும் அதுவே. தாய்க்குத் துணையாகக் குடம் பிடிக்க நின்றவர்கள், பெரும்பாலும் பெண் குழந்தைகள். தமிழில் நாட்டமில்லாதவர்கள் என்று அவர்களைக் கருதவிருந்தோம்! வகுப்பை மாலை நான்கு மணிக்கு மாற்றினோம். மாற்றலாகிச் சென்ற இரு குடும்பத்துப் பிள்ளைகள் நீங்கலாக, மற்றவர் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டனர். இன்று சற்று முன் வரவேற்புப் பாடல் பாடிய குழுவில் பச்சைப் பெட்டிக் குழந்தைகள் நால்வர் இருந்தனர்.

இதை வீட்டில் செய்யும் பெற்றோருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, குழந்தைகளை நாணச் செய்யும் விவரங்களை எண்ணச் சொல்லாதீர்கள். யார் எத்தனை மதிப்பெண், யார் வீடு எந்த டைப் குவார்ட்டர்ஸ், யார் தந்தைக்கு என்ன சம்பளம் என்பன படம் வரையத்தக்க பொருள்கள் அல்ல. இரண்டாவது, படத்தை நீங்கள் வரைந்து கொடுத்து விடாதீர்கள். கோணலாயினும் அது குழந்தையின் கோடாக இருக்கட்டும். தலைப்பு, அளவு, ஒவ்வொரு பட்டையின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது, பள்ளியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்பதைத் தமிழிலும் சொல்லப் பழக்குங்கள். தரவு, நேர்க்கோட்டுக் குறி, பட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் என்னும் சொற்கள் ஊரிலுள்ள அவர்களது மாமன், அத்தை மக்களுக்குப் பாடநூலிலேயே வருகின்றன. விடுமுறைக்குச் செல்லும்போது நம் பிள்ளைகள் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டாமா?

சமையலறையில் கலந்து போன பருப்புகள், மாதந்தோறும் வரும் மின்கட்டணச் சீட்டின் யூனிட்டுகள், நாள்காட்டியில் மழை பெய்த நாள்கள், ஊர் செல்லும் வண்டி நிலையத்துக்கு நிலையம் தாமதித்த நிமிடங்கள் என்று எண்ணத்தக்கவை நம்மைச் சுற்றி எங்கும் இருக்கின்றன. வாரத்திற்கு ஒன்று போதும்.

வரும் ஆண்டிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறன்று தமிழ் வகுப்பின் இறுதி அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கச் செயற்குழு இசைந்துள்ளது. கட்டமிட்ட நோட்டுப் புத்தகங்கள் பிள்ளைக்கு ஒன்றும், உடனிருந்து உதவ இரண்டு தாய்மார்களும் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக் கொள்கிறேன். காலித் தீப்பெட்டிகளை எறிந்து விடாமல் சேர்த்து அனுப்புங்கள். அவை எத்தனை வந்தாலும் எங்களுக்கு வேண்டும்.